முத்திரை இல்லாத பாட்டில்

மாமனாருக்கும் மருமகனுக்கும் ஏழாம் பொருத்தம் என்பது உலகத்தில் புதிய செய்தி அல்ல. ஆனால் இந்த மாமனார் எல்லாரையும் ஒரு படி தாண்டியவர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மருமகனை அவர் நேராக ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. ‘மாப்பிள்ளை’ என்று சொன்னால் பல் விழுந்துவிடும் என்று யாரோ அவரைப் பயமுறுத்தி வைத்திருந்த மாதிரி இருந்தார். அவன் வீட்டுக்கு வந்து கண்ணெதிரே உட்கார்ந்திருந்தாலும் மகளைப் பார்த்து, “வந்தவங்களுக்குக் காபி குடுத்தியா?” என்று கேட்பார். மின்விசிறி போட வேண்டும் என்றால் மின்விசிறியைப் பார்த்துச் சொல்வார்.

இப்போது ஆஸ்பத்திரியில் மகள் பக்கத்தில் இல்லை. ஆண்கள் வார்டில் துணைக்கு ஆண்தான் தங்க வேண்டும் என்பது சட்டம். மகள் சாயங்காலம் பார்வை நேரத்தில் வந்து, அழுதுவிட்டு, கடையைத் திறக்க ஓடுவாள். மாமியார் போய்ச் சேர்ந்து பல காலம். ஆண் பிள்ளை கிடையாது. ஆக, அந்தக் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலி யார் தலையில் கட்டப்பட்டது என்று சொல்லவே வேண்டாம்.

மாமனார் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். பக்கத்துக் கட்டிலில் காலில் கட்டுடன் ஒரு லாரிக்காரர் கிடந்தார். பேச்சுத் துணை கிடைக்காமல் காய்ந்து போயிருந்தவர்.

“லாரிக்காரரே, தண்ணி வேணும்.”

லாரிக்காரர் மருமகனைப் பார்ப்பார். “சார் தண்ணி கேக்கறார்.”

“குடிங்க மாமா,” என்று மருமகன் டம்ளரை நீட்டுவான். மாமனார் டம்ளரை வாங்கிக்கொண்டு லாரிக்காரருக்கு நன்றி சொல்வார்.

இந்தப் பகை சும்மா வந்ததல்ல. மாமனார் கடைகளில் எடையும் அளவும் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அவரைத் ‘தராசு’ என்பார்கள். லஞ்சத்துக்குக் கை நீட்டாத மனிதர், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் தெருவில் நுழைந்தால் நாலு கடை தள்ளி இருப்பவன் படிக்கற்களைத் துடைக்க ஆரம்பிப்பான். மருமகன் அப்போது ஓர் எண்ணெய்க் கடையில் கூலிக்கு அளந்து ஊற்றிக்கொண்டிருந்தான். ஒருநாள் தராசு வந்தார். பையிலிருந்து முத்திரை குத்திய பித்தளை அளவையை எடுத்தார். கடையின் லிட்டர் குவளையில் எண்ணெயை நிரப்பச் சொல்லி, அதைத் தன் அளவையில் ஊற்றினார். பிறகு தரையில் குந்தி உட்கார்ந்து, கண்ணை எண்ணெயின் மட்டத்துக்கு நேராகக் கொண்டுவந்து பார்த்தார். எழுந்து, கடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, “அளவு தப்பு,” என்றார்.

விழுந்து விழுந்து குவளையின் அடி உள்ளே அமுங்கியிருந்தது. மாற்றச் சொல்லி முதலாளியிடம் பலமுறை சொன்னவனே அவன்தான். ஆனால் முதலாளி கண் சிமிட்டாமல், “அளக்கிறவன் கைதான் சார் சரியில்ல,” என்று அவன் பக்கம் விரலை நீட்டிவிட்டார். தராசு அவனை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை அப்படியே ஒட்டிக்கொண்டது. கடைக்கு எண்ணெய் வாங்க வரும் பெண் அவருடைய மகள் என்பது, காதலில் திரும்ப முடியாத தூரம் வந்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. “அளவுல கை வைக்கிறவனுக்கா என் பொண்ணு?” என்று அவர் கேட்டாராம். கல்யாணத்துக்கு வரவில்லை. அவன் சொந்தமாகக் கடை வைத்த பிறகும், ஊரே அவன் அளவை நம்பி வாங்கிய பிறகும், அவர் மட்டும் அந்தக் கடையில் ஒரு துளி எண்ணெய் வாங்கியதில்லை.

அப்படிப்பட்டவருக்குத்தான் சளிக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் மருமகன் கூட வருவான் என்பதாலோ என்னவோ, கஷாயத்திலும் மாத்திரையிலும் இழுத்தடித்தார். மூச்சு வாங்கி, பேச்சு பாதியில் நின்ற பிறகுதான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். படம் எடுத்துப் பார்த்தால் வலது பக்கம் பாதி நெஞ்சு வெள்ளையாக இருந்தது. முதுகில் ஊசி குத்தி இழுத்தபோது கலங்கிய மஞ்சளாகச் சீழ் வந்தது.

டாக்டர் அம்மா வயதில் சின்னவர், பொறுமைசாலி. கட்டில் ஓரத்தில் நின்று விளக்கினார்.

“நுரையீரலச் சுத்தி மெல்லிசா ரெண்டு தோல் இருக்கும் ஐயா. அதுக்கு நடுவுல தண்ணி கோத்து, கிருமி சேர்ந்து, சீழாயிடுச்சு. மருந்து ஏத்துறோம், ஆனா மருந்து மட்டும் போதாது. உள்ள இருக்கறது வெளிய வந்தே ஆகணும். விலா எலும்புக்கு நடுவுல ஒரு குழாய் வைக்கப் போறோம்.”

“வரலன்னா?” என்று மருமகன் கேட்டான்.

“உள்ளயே நின்னா கெட்டியாகி நுரையீரல் மேல தோலாட்டம் ஒட்டிக்கும். நுரையீரலால விரிய முடியாது. அப்புறம் நெஞ்சத் தெறந்து அத உரிச்சு எடுக்கணும். இவர் வயசுக்கும் இதயத்துக்கும் அது தாங்குமான்னு சொல்ல முடியாது.”

குழாய் வைத்தார்கள். மறுமுனை கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டிலில், தண்ணீருக்குள் மூழ்கியிருந்தது. அவர் மூச்சு விட விட அந்தக் குழாயில் தண்ணீர் ஏறி இறங்கும். ஏறி இறங்காவிட்டால் உடனே கூப்பிட வேண்டும், பாட்டிலை எந்தக் காரணத்துக்காகவும் நெஞ்சுக்கு மேலே தூக்கக் கூடாது என்று சிஸ்டர் மருமகனிடம் சொன்னார். பாட்டிலின் பக்கவாட்டில் அளவுக் கோடுகள் இருந்தன. தினமும் காலையில் சிஸ்டர் மட்டத்தைப் பார்த்து ஒரு பிளாஸ்திரித் துண்டு ஒட்டுவார்.

மாமனார் வலியிலும் தலையைச் சாய்த்து அந்தப் பாட்டிலை ஆராய்ந்தார். “இந்தக் கோடு சரியா இருக்குன்னு யார் சொன்னது? முத்திரையே இல்லையே,” என்றார்.

“அது மருந்துக் கம்பெனி போட்ட கோடு ஐயா.”

“கம்பெனி ஆயிரம் போடும். சோதிச்சவன் முத்திரை எங்க?”

டாக்டர் அம்மா சிரித்தார். “முத்திரை இல்லாட்டியும் எங்களுக்கு இதான் கணக்கு. ஒரு நாளைக்கு வர்றது ஒரு கோட்டளவுக்குக் கீழ குறைஞ்சு, படத்துல நுரையீரலும் விரிஞ்சிருந்தா, குழாய எடுத்துடலாம்.”

மனிதர் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்.

பிறகு ஆரம்பித்தது ஊர்வலம். கழிவறை வராந்தாவின் கடைசியில் இருந்தது. மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னே நடப்பார். மருமகன் பாட்டிலை முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு, குழாய் இழுபடாத தூரத்தில் பின்னே வருவான். அவர் நின்றால் நிற்பான். அவர் உள்ளே போனால், கதவை ஒருக்களித்து, குழாய் நசுங்காமல் பிடித்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பான். போகிற வருகிறவர்கள் எல்லாம் உச்சுக்கொட்டுவார்கள். “என்ன பொறுப்பு பாரு! உங்க புள்ளையா சார்?”

“இல்ல,” என்பார் மாமனார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

அந்த ‘இல்ல’ ஒவ்வொரு முறையும் அவனுக்குச் சுருக்கென்று தைக்கும். மருமகன் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? அவருடைய சீழைச் சுமந்துகொண்டு நடக்கிறவன் யாரென்று சொல்லக்கூட அவருக்கு மனசு வரவில்லையே என்று நினைத்துக்கொண்டு பாட்டிலைக் கவனமாகப் பிடித்துக்கொள்வான்.

முதலில் பாட்டில் மளமளவென்று நிறைந்தது. பிறகு குறைந்தது. அதற்கடுத்த நாள் பிளாஸ்திரிக்கு மேல் ஒரு நூல் கூட ஏறவில்லை. மகள் வந்து பார்த்து, வயிற்றில் பால் வார்த்தது போல் இருக்கிறது என்றாள். “உள்ள எல்லாம் வந்துடுச்சுங்க. அப்பா தேறிட்டார்.”

ஆனால் சாயங்காலமானால் காய்ச்சல் நடுக்கிக்கொண்டு வந்தது. போர்வைக்கு மேல் போர்வை போட்டாலும் கட்டில் ஆடியது. டாக்டர் அம்மாவுக்குக் குழப்பம். படத்தில் இன்னும் கொஞ்சம் வெள்ளை தெரிந்தது. “தோல் தடிச்சதாவும் இருக்கலாம். பாட்டில்ல ஒண்ணுமே வரலையே. காய்ச்சலுக்குக் காரணம் வேற எங்கயோ இருக்கணும். நாளைக்குக் குழாய எடுத்துட்டு, மருந்த மாத்திப் பாக்கலாம்,” என்றார். மாமனாரின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“தண்ணி ஏறி இறங்குதா?” என்று சிஸ்டர் அவசரத்தில் கேட்டபோதெல்லாம் பதில் சொன்னது மாமனார்தான். “இறங்குது, இறங்குது. இப்பத்தான் பாத்தேன்.” வாழ்நாள் முழுக்க மட்டம் பார்த்தவர் சொன்னால் யார் குனிந்து பார்ப்பார்கள்? மருமகன்கூட ஒருமுறை குழாயில் தண்ணீர் அசையாமல் நிற்பதைக் கண்டு எழுந்தான். “லாரிக்காரரே, நான் மூச்ச அடக்கிப் பாக்கறேன்னு சொல்லுங்க,” என்றார் அவர். சிஸ்டரைக் கூப்பிட்டுக்கொண்டு அவன் திரும்பி வந்தபோது தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சிஸ்டர் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

குழாய் எடுப்பதாக இருந்த காலை. சிஸ்டர் வந்து மட்டம் பார்த்து, துண்டு ஒட்டி, “இன்னைக்கும் ஒண்ணும் இல்ல, ஜோர்!” என்று சொல்லிவிட்டுப் போனார். முந்தின நாள் காய்ச்சலில் அடித்துப் போட்டது போல் மாமனார் கண்ணயர்ந்திருந்தார். டாக்டர் வருவதற்குள் கழிவறைக்குக் கூட்டிப்போய்விடலாம் என்று மருமகன் குனிந்து பாட்டிலைத் தூக்கினான். குழாய் வரவில்லை. எங்கேயோ மாட்டியிருந்தது. போர்வையை விலக்கினான்.

அவருடைய தொடைக்கு அடியில் குழாய் இரண்டாக மடிக்கப்பட்டு, மடிப்பின் மேல் கைக்குட்டை சுற்றி, இறுக்கமாக முடிச்சுப் போடப்பட்டிருந்தது.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் எல்லாமே புரிந்தது. எழுந்து நடக்கும்போதும் யாராவது பார்க்க வரும்போதும் கொஞ்ச நேரம் அவிழ்த்துவிட்டு, படுத்ததும் மறுபடி கட்டியிருக்கிறார். முடிச்சை அவிழ்த்தான். குழாய் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. கெட்டியாக ஏதோ நகர்ந்து, ஒரு விரற்கடை வந்து, நின்றது. மாமனார் கண்ணைத் திறந்திருந்தார்.

“என்ன மாமா இது? எவ்வளவு நாளா?”

அவர் லாரிக்காரரைத் தேடவில்லை. அந்தக் கட்டில் காலியாக இருந்தது, அவரைக் கால்கட்டு மாற்றக் கூட்டிப் போயிருந்தார்கள். முதல் தடவையாக மருமகனின் முகத்தை நேராகப் பார்த்தார்.

“மாப்பிள்ளை,” என்றார்.

அவனுக்குக் காது அடைத்துவிட்டது. இந்த ஒரு சொல்லுக்காக எத்தனை பண்டிகை நாள், எத்தனை பிறந்தநாள் அந்த வீட்டு வாசலில் நின்று காத்திருந்தான்!

“மாப்பிள்ளை, இது நமக்குள்ளயே இருக்கட்டும். இன்னைக்கு எடுத்துடுவாங்க. வீட்டுக்குப் போயிடலாம். நீங்க வாங்க, வந்து ஒரு வேள உக்காந்து சாப்பிடுங்க. நான் கூப்பிடறேன்.”

“உள்ள சீழ் இருக்கு மாமா. அதான் காய்ச்சல் வருது. டாக்டர் சொன்னது ஞாபகம் இல்லையா?”

“மருந்துல சரியாயிடும்.” மூச்சு வாங்கியது. “எனக்கு முடியல. நீங்க பாட்டிலத் தூக்கிக்கிட்டுப் பின்னால வர்றீங்க. கக்கூஸ் வாசல்ல நிக்கிறீங்க. உங்களப் போய் நான் என்னென்ன சொல்லியிருக்கேன்? என் அழுக்க உங்க கையில குடுத்துட்டு நான் எப்படி நடக்கறது? வேற யாரா இருந்தாலும் தாங்கிக்குவேன்.” கண்ணோரம் கசிந்ததை அவர் துடைக்கவில்லை. “யார்கிட்டயும் சொல்லாதீங்க மாப்பிள்ளை.”

மருமகன் வராந்தாவுக்கு வந்து தண்ணீர்க் குழாயடியில் நின்றான். முகம் கழுவினான், மறுபடி கழுவினான். அந்தச் சொல் லஞ்சமாக வந்தது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் இனிக்கத்தான் செய்தது. சொல்லாமல் விட்டால் என்ன? மருந்து கேட்டாலும் கேட்கும். வீட்டுக்குப் போனால் ஒரு வேளைச் சாப்பாடு, ஒரு நாற்காலி, மனைவியின் முகத்தில் ஒரு வெளிச்சம். சொன்னால் இந்த ஜென்மத்தில் அந்த வாய் மறுபடி அவனுக்காகத் திறக்காது. கைக்குட்டை அவன் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்துப் பார்த்தான். ஓரத்தில் பூத்தையல். மனைவி தன் அப்பாவுக்காகத் தைத்துக் கொடுத்தது. அவளிடம் நாளைக்கு என்னவென்று சொல்வது? உங்கப்பா என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டார், அதனால் வாயை மூடிக்கொண்டேன் என்றா?

அவன் திரும்பியபோது டாக்டர் அம்மா கட்டிலருகே நின்று பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் கட்டுப் பிரிக்கும் தட்டோடு தயாராக இருந்தார். லாரிக்காரரும் வந்துவிட்டார்.

“நல்லது. அளவு குறைஞ்சுபோச்சு. எடுத்துடலாம்,” என்றார் டாக்டர் அம்மா.

மாமனார் மருமகனைப் பார்த்தார். மருமகனும் அவரைப் பார்த்தான்.

“அளவு தப்பு, டாக்டர்,” என்றான்.

எப்படி அந்தச் சொற்கள் வாயில் வந்தன என்று அவனுக்கே தெரியாது. மாமனார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவன் கைக்குட்டையை எடுத்து நீட்டி, நடந்ததைச் சொன்னான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. “அடப்பாவி மனுஷா!” என்று லாரிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

டாக்டர் அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். உள்ளே சீழ் தேங்கி, நூலாம்படை போல ஜவ்வு பின்னி, அறை அறையாகப் பிரிந்து நின்றது. “இன்னைக்குக் குழாய எடுத்திருந்தா ஆபரேஷன்தான். இல்ல, அதுக்குக்கூட நேரம் இருந்திருக்காது,” என்று மெதுவாகச் சொன்னார். குழாயில் உப்புத் தண்ணீர் விட்டு அடைப்பை நீக்கினார்கள். பிறகு அந்த ஜவ்வைக் கரைக்கும் மருந்தைக் குழாய் வழியே உள்ளே செலுத்தி, கவ்வி போட்டு மூடினார்கள். மருந்து எல்லா அறைக்கும் போய்ச் சேர வேண்டும், ஆளைப் புரட்டிப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்றார்கள்.

“அவர் மூடினா குத்தம், நீங்க மூடினா வைத்தியமா?” என்றார் லாரிக்காரர். யாரும் சிரிக்கவில்லை.

மருமகன்தான் புரட்டினான். தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. மாமனார் விறைத்துக் கிடந்தார். லாரிக்காரர் மூலமாகக்கூட ஒரு சொல் இல்லை. வலித்தபோது பல்லைக் கடித்தாரே தவிர, முனகவில்லை. நடுவில் மகள் வந்தாள். விஷயம் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். “உங்ககிட்ட இனிமே பேசவே மாட்டாருங்க,” என்றாள் வராந்தாவில்.

“தெரியும்.”

“தெரிஞ்சுமா சொன்னீங்க?”

அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நேரமானதும் டாக்டர் அம்மா வந்து கவ்வியை எடுத்தார். “இருமுங்க ஐயா. பலமா.”

மாமனார் இருமினார். முதலில் ஒன்றும் இல்லை. மறுபடி இருமினார். குழாய் ஒரு முறை துள்ளியது. பிறகு கலங்கலாக, கட்டியும் நீருமாக, அடங்கிக் கிடந்ததெல்லாம் இறங்க ஆரம்பித்தது. பாட்டிலுக்குள் தண்ணீர் குதித்தது. மட்டம் கடைசிப் பிளாஸ்திரித் துண்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. நாற்றம் பரவியது. யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. மாமனார் இத்தனை நாளில் இழுக்காத ஒரு நீண்ட மூச்சை இழுத்தார். பாதியில் நிற்காமல் அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

ஒருவழியாக ஓட்டம் நின்றது. டாக்டர் அம்மா கட்டுக்கு மேல் கையை அழுத்திப் பிடித்தபடியே, “சிஸ்டர், எவ்வளவுன்னு பாருங்க,” என்றார். சிஸ்டர் பாட்டிலின் பக்கம் குனிந்தார்.

“சிஸ்டர்,” என்றார் மாமனார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “நீங்க வேண்டாம்.”

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் மருமகன் பாக்கட்டும். அவர் அளவு சரியா இருக்கும்.”

மகள் விசும்பினாள். லாரிக்காரர் கட்டுக்காலோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார். மருமகன் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, தரையில் குந்தி உட்கார்ந்தான். கண்ணை மட்டத்துக்கு நேராகக் கொண்டுவந்தான். கோடுகள் நீரில் கலங்கித் தெரிந்தன. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான்.

“அவசரம் இல்ல,” என்று மேலே இருந்து குரல் வந்தது. “நிதானமா பாத்துச் சொல்லுங்க, மாப்பிள்ளை.”